இன்ட்ல் டேட்டைம்ஃபார்மேட்: காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

காசு கொடுக்காமல் கிடைப்பதற்கு யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் தேதியைப் பல மொழிகளில் காட்ட என்ன வழி என்று கேட்டால், இன்றும் பலர் ஏதாவது ஒரு லைப்ரரியின் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பின்) பெயரைத்தான் சொல்கிறார்கள். தேதியையும் எண்ணையும் அந்தந்த மொழி வழக்கில் எழுதித்தர பிரவுசருக்குள்ளேயே ‘இன்ட்ல்’ என்று ஒன்று இருப்பது தெரிந்தும் அதைத் தாண்டிப் போகிறார்கள். அதில் தேதிக்கான பகுதிதான் டேட்டைம்ஃபார்மேட். இன்ட்லின் விதிகளை வகுக்கும் தர ஆவணமான ஈசிஎம்ஏ-402இன் முதல் பதிப்பு 2012லேயே வந்துவிட்டது. நான் பார்க்கும் வேலை முன்பதிவுகள், ரசீதுகள், மாதாந்தர அறிக்கைகள். திரைக்குத் திரை தேதி வரும். பயனர் எந்த மொழியைத் தேர்ந்தெடுப்பார், எந்த நேர மண்டலத்தில் உட்கார்ந்திருப்பார் என்பது எங்கள் கையில் இல்லை. இந்தப் பொருளோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஆள் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் கண்ணுக்குத் தேதியைக் காட்ட இதைவிட நல்லது இப்போதைக்கு இல்லை. காட்டிய ஸ்ட்ரிங்கை, அதாவது அந்த எழுத்துத் தொடரை, எடுத்து வேறு எதற்காவது பயன்படுத்தினால், வரும் தொல்லைக்கும் அளவில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே காரணத்தால்தான் வருகின்றன, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என்ன தருகிறது என்று பார்ப்போம். 2024 மார்ச் 10 என்ற ஒரே நாளை எந்த விருப்பமும் சொல்லாமல் கொடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்துக்கு 3/10/2024. பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 10/03/2024. ஜெர்மனுக்கு 10.3.2024. ஸ்வீடிஷுக்கு 2024-03-10. ஜப்பானியத்துக்கு 2024/3/10. கொரிய மொழிக்கு ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் புள்ளியும் இடைவெளியும் வைத்து 2024. 3. 10. என்று வரும். இத்தனைக்கும் நாம் எழுதுவது ஒரே வரி, மாறுவது லோக்கேல் குறியீடு, அதாவது மொழியையும் நாட்டையும் சொல்லும் குறியீடு, மட்டும்.

எண்களை முன்பின் மாற்றிப் போடுவதை நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். மாதப் பெயர் வந்ததும் அந்தத் துணிச்சல் போய்விடும். ரஷ்ய மொழியில் மார்ச் மாதம் தனியாக நின்றால் ‘மார்த்’, நாளோடு சேர்ந்து வந்தால் ‘மார்தா’. போலிஷ், செக் மொழிகளிலும் இப்படி வேற்றுமை ஏறும். பன்னிரண்டு பெயர்களை ஒரு அரேயில் (பட்டியலில்) அடுக்கி, நாளையும் ஆண்டையும் இருபுறமும் ஒட்டும் கோடு (நிரல்), காலண்டரின் தலைப்பில் சரியாக இருக்கும், ரசீதில் தப்பாக இருக்கும். இன்ட்லிடம் மாதத்தை மட்டும் கேட்டால் தனி வடிவத்தைத் தருகிறது, நாளோடு கேட்டால் வேற்றுமை வடிவத்தைத் தருகிறது. ஜெர்மனில் நாளின் எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வேண்டும் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முழு நீளத்தில் தமிழில் கேட்டால் ‘ஞாயிறு, 10 மார்ச், 2024’ என்று வரும். மாதப் பெயரை ஒற்றை எழுத்தாகக் குறுக்கச் சொன்னால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆங்கிலத்தில் ஜனவரி, ஜூன், ஜூலை மூன்றுக்கும் ஒரே எழுத்து வந்து நிற்கும். வரிசையாகப் பன்னிரண்டும் தெரியும் வரைபடத்தில் அது ஓடும், தனியாக ஒரு கட்டத்தில் வைத்தால் எந்த மாதம் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இந்த அறிவெல்லாம் பிரவுசர் செய்பவர்களின் சொந்தச் சரக்கு அல்ல. யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற தரவுக் களஞ்சியம் இருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் நாட்டுக்கும் மாதப் பெயர், கிழமை, வரிசை, நிறுத்தக்குறி, இடைவெளி என்று எல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு இருமுறை புதுப் பதிப்பு வரும். ஐசியு என்ற லைப்ரரி அந்தத் தரவைச் சுமந்துகொண்டு குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் எல்லாவற்றுக்குள்ளும் போய் உட்காருகிறது. ஆகவே இந்த மதிப்புரையில் பாதி உண்மையில் சிஎல்டிஆருக்கானது.

எந்தத் தேதிக் கருவியைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது 2024 டிசம்பர் 31, உலகப் பொது நேரம் இரவு 11:30. ஒரே தேதியில் இவ்வளவு குழிகள் இருக்கும் நாள் கிடைப்பது அரிது. நியூசிலாந்தின் ஆக்லாந்து மண்டலத்தைக் கொடுத்தால், கோடைக்கால நேரம் பதின்மூன்று மணி முன்னால் ஓடுவதால், 2025 ஜனவரி 1 நண்பகல் 12:30 என்று வரவேண்டும். லாஸ் ஏஞ்சலிஸுக்கு அதே டிசம்பர் 31 பிற்பகல் 3:30. தாய்லாந்து லோக்கேலுக்கு ஆண்டு 2567, ஏனென்றால் அங்கே இயல்பு நாட்காட்டி புத்த ஆண்டில் ஓடுகிறது. ஈரான் லோக்கேலுக்கு அவர்களின் சூரிய நாட்காட்டிப்படி 1403ஆம் ஆண்டு, தேய் மாதம் 11, அதுவும் பாரசீக எண்களில். சவூதி அரேபியாவுக்கு ஹிஜ்ரி 1446. ஜப்பானிய லோக்கேல் இயல்பாக 2024 என்றுதான் சொல்லும், ஜப்பானிய நாட்காட்டி வேண்டும் என்று குறியீட்டில் சேர்த்தால் ரெய்வா 6 என்று மாறும். இன்ட்ல் இத்தனையையும் முகம் சுளிக்காமல் தந்தது.

தந்ததே சிலருக்குப் பிரச்சினை. எல்லா ஊருக்கும் ஒரே கிரிகோரியன் ஆண்டு வேண்டும் என்று வணிகத் தரப்பில் முடிவு செய்திருந்தால், நாட்காட்டியைக் கிரிகோரி என்று கையால் சொல்லியாக வேண்டும். எண்களும் அப்படித்தான். எகிப்தின் அரபு லோக்கேலில் அரபு எண்கள் வரும், மராத்தியில் தேவநாகரி எண்கள் வரும். படிப்பவருக்கு அது மரியாதை. அதே ஸ்ட்ரிங்கை நறுக்கி எண்ணாக மாற்றப் பார்க்கும் கோடுக்கு அது சாவுமணி. இந்த நோய் ஜாவாஸ்கிரிப்டுக்கு மட்டும் உரியதல்ல. ஜாவாவில் லோக்கேல் சொல்லாமல் ஸ்ட்ரிங்.ஃபார்மேட் எழுதினால் அது கருவியின் இயல்பு லோக்கேலை எடுத்துக்கொள்ளும், அரபு போனில் கோப்புப் பெயருக்குள் அரபு எண்கள் புகுந்துவிடும்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

பெரிய குறை என்று பலர் சொல்வது, வருகிற வடிவத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது. தர ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, எந்த மொழிக்கு எந்த ஸ்ட்ரிங் வரவேண்டும் என்பது அந்தந்தச் செயலாக்கத்தின் விருப்பம். இதன் பொருள் 2022 அக்டோபரில் வந்த சிஎல்டிஆர் 42இல் ஊருக்கே புரிந்தது. ஆங்கிலத்தில் மணிக்கும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவே இருந்த சாதாரண இடைவெளியை எடுத்துவிட்டு, வரி உடையாத குறுகிய இடைவெளியை, யூனிகோட் 202எஃப்பை, வைத்தார்கள். அச்சுக்கலை நோக்கில் பார்த்தால் அது சரியான மாற்றம். வரியின் கடைசியில் 3:30 நின்று, பிஎம் அடுத்த வரிக்குப் போகாது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் ‘3:30 பிஎம்’ என்று சாதாரண இடைவெளியோடு எழுதி வைத்திருந்த டெஸ்ட்கள் (கோடைத் தானாகச் சோதிப்பவை) தோற்றன. 2023 மார்ச்சில் வந்த ஜாவா 20இலும் அதே தரவு ஏறியது. விசைப்பலகையில் அடித்த இடைவெளியை, தேதியைப் படிக்கும் அதன் பார்சர் ஏற்கவில்லை. பிழைச் செய்தியில் இரண்டு ஸ்ட்ரிங்குகளும் ஒரே மாதிரி தெரியும், எங்கே வேறுபாடு என்று ஒவ்வொரு எழுத்தின் எண் குறியீட்டையும் ஹெக்ஸில் பார்த்தால்தான் பிடிபடும். வலைத்தளங்கள் நிறைய உடைந்ததால் பிரவுசர்கள் சாதாரண இடைவெளிக்கே திரும்பிவிட்டன.

இதற்கு முன்னும் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்றெழுத்தாக இருந்தது, 2020இல் சிஎல்டிஆர் 38 அதை நான்கெழுத்தாக்கியது. மாதச் சுருக்கம் எப்போதும் மூன்றெழுத்து என்று நம்பி ஸ்ட்ரிங்கை வெட்டிக்கொண்டிருந்த கோடுகள், ஆண்டில் பதினொரு மாதம் ஒழுங்காக ஓடி, ஒரு மாதம் மட்டும் தடுமாறின.

என் கணக்கில் இது குறையே இல்லை. மொழி வழக்கு மாறினால் தரவு மாறத்தான் வேண்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே காரணம் என்று முதலில் சொன்னது இதைத்தான். உறைந்த வடிவம் வேண்டுமென்றால் தேதி எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 இருக்கிறது, அந்த வடிவில் எழுதித்தரும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை கிடைக்கிறதே என்று ஸ்வீடிஷ் லோக்கேலைக் குறுக்கு வழியாக வைத்து டேட்டாபேஸில் எழுதும் பழக்கம் பல இடங்களில் பார்க்கிறேன். ரிவ்யூவுக்கு வந்தால் மறு பேச்சில்லாமல் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்வீடன்காரர்கள் நாளைக்கு மனம் மாறினால் நம் டேட்டாபேஸ் என்ன செய்யும்?

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறு. டேட்ஸ்டைல் என்று ஒரு விருப்பம் உண்டு, முழு, நீள, நடு, குறு என்று நான்கு அளவு. அந்தந்த மொழியின் வழக்குக்கு மிக நெருக்கமாக வருவது இதில்தான். ஆனால் நடு அளவு வேண்டும், கூடவே கிழமையும் வேண்டும் என்று கேட்டால் டைப்எரர் என்ற பிழையை முகத்தில் அடிக்கிறது. டேட்ஸ்டைலோடு தனிக் கூறுகளைச் சேர்க்கக் கூடாதாம். அப்போது டேட்ஸ்டைலை விட்டுவிட்டு, கிழமை குறுக்கம், மாதம் குறுக்கம், நாள் எண், ஆண்டு எண் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வடிவமைப்பாளர் கேட்கும் ‘இதே மாதிரி, ஆனால் ஆண்டு மட்டும் வேண்டாம்’ என்பதற்கும் அதே கதி.

அடுத்தது பன்னிரண்டு மணி விவகாரம். அமெரிக்க ஆங்கிலத்தில் 24 மணி முறை வேண்டும் என்று ஹவர்12 விருப்பத்தைப் பொய் என்று வைத்தால், குரோமில் நள்ளிரவு 24:00 என்று வந்து நிற்கும் வழக்கம் உண்டு. 00:00 வேண்டுமானால் ஹவர்சைக்கிள் விருப்பத்துக்கு எச்23 (0 முதல் 23 வரை எண்ணும் முறை) என்று சொல்ல வேண்டும். நள்ளிரவுக்கு நேரம் பதிவாகும் வேலைகள் இருந்தால் இதை இன்றே தேடிப் பாருங்கள். பொதுவாக இந்த விருப்பத்தையே தொடாமல் லோக்கேலின் முடிவுக்கு விடுவது நல்லது. கொரிய மொழியில் முற்பகல், பிற்பகல் என்ற சொல் மணிக்கு முன்னால் வரும், அதைக்கூட அது தானே பார்த்துக்கொள்கிறது.

நேர மண்டலச் சுருக்கங்களைக் கேட்காமல் இருப்பதே உத்தமம். ஐஎஸ்டி என்றால் இந்திய நேரமா, இஸ்ரேல் நேரமா, அயர்லாந்தின் கோடை நேரமா? அந்தக் குழப்பம் சிஎல்டிஆருக்கும் தெரியும். அதனால் அமெரிக்க ஆங்கிலத்தில் இந்திய மண்டலத்தின் குறுஞ்சொல்லைக் கேட்டால் ஜிஎம்டி+5:30 என்று தருகிறது, இந்திய ஆங்கிலத்தில் கேட்டால் ஐஎஸ்டி என்கிறது. நான் நகரத்தின் பெயரையே எழுதிவிடுகிறேன்.

ரிலேட்டிவ்டைம்ஃபார்மேட் என்ற தங்கை ஒன்று உண்டு. ‘நேற்று’, ‘3 மணிநேரம் முன்’ மாதிரி தருவது. பன்மை விதிகளை நாம் தொட வேண்டியதில்லை. அரபு மொழியில் ஒருமை, இருமை, சிலவற்றின் பன்மை, பலவற்றின் பன்மை என்று நீள்வதைக் கையால் எழுதப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் எத்தனை நிமிடத்துக்கு மேல் மணி என்று சொல்ல வேண்டும், எத்தனை மணிக்கு மேல் நாள் என்று சொல்ல வேண்டும் என்பதை அது முடிவு செய்யாது. அளவையும் அலகையும் நாம்தான் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். பாதிச் சமையல்.

எல்லாவற்றையும்விட நான் ரசித்தது ஃபார்மேட்ரேஞ்ச். ஒரு முன்பதிவு மார்ச் 10 முதல் 14 வரை என்றால், மாதத்தையும் ஆண்டையும் இரண்டு முறை எழுதாமல், பொதுவானதை ஒரு முறை மட்டும் காட்டும். மாதம் தாண்டினால் மாதம் இரண்டு முறை வரும், ஆண்டு ஒரு முறை வரும். நடுவில் வரும் இடைக்கோடு, அதன் இருபுறம் இடைவெளி உண்டா இல்லையா என்பதெல்லாம் மொழிக்கு மொழி சரியாக விழும். இதை நாமே எழுதினால் எத்தனை இஃப், எத்தனை எல்ஸ்!

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு வரிசைக்கும், தேதியை லோக்கேல்படி ஸ்ட்ரிங் ஆக்கும் டூலோக்கேல்ஸ்ட்ரிங்கைக் கூப்பிட்டால் நீண்ட அட்டவணை மந்தமாகும். ஒவ்வொரு முறையும் லோக்கேல் தரவைத் தேடித் தயார் செய்யும் வேலைதான் காரணம். ஃபார்மேட்டரை (டேட்டைம்ஃபார்மேட் பொருளை) ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

போட்டிச் சரக்குகளைப் பார்ப்போம். மொமென்ட் எனக்குப் பிடித்த லைப்ரரி. அதை உருவாக்கியவர்களே 2020 செப்டம்பரில், இனிப் புது வசதிகள் இல்லை, பராமரிப்பு மட்டும்தான், புதுத் திட்டங்களுக்கு வேறு பாருங்கள் என்று நேர்மையாக எழுதி வைத்தார்கள். மொழிக்கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தால் அதன் எடை தாங்காது. லக்ஸன் அதே குழுவிலிருந்து வந்தது. அது தன் மொழித்தரவைச் சுமக்காமல் இன்ட்லையே அடியில் பயன்படுத்துகிறது. டேட்-எஃப்என்எஸ் தன் சொந்த மொழிக்கோப்புகளை வைத்திருக்கிறது. தேவையான மொழியை மட்டும் இழுத்துக்கொள்ளலாம் என்பது வசதி, பயனர் கேட்கும் மொழி முன்கூட்டித் தெரியாது என்றால் அதுவே சுமை.

இந்த லைப்ரரிகளின் பெரிய கவர்ச்சி, ஆண்டுக்கு ஒய், மாதத்துக்கு எம் என்று எழுத்துகளால் ஆன வடிவம். நாள் இங்கே, மாதம் அங்கே என்று நாமே வரைந்துவிடலாம். அந்தச் சுதந்திரம்தான் ஆபத்து. வரைந்த கணமே ஒரு நாட்டின் வரிசை எல்லா நாட்டுக்கும் போய்விடுகிறது. அப்புறம் அந்தப் புகழ்பெற்ற ஒய். யூனிகோட் வழக்கிலும் ஜாவாவிலும் சின்ன ஒய் சாதாரண ஆண்டு, பெரிய ஒய் வாரக் கணக்கின் ஆண்டு. என் டிசம்பர் 31ஐ ஜாவாவில் பெரிய ஒய்யோடு கொடுங்கள், 31 டிசம்பர் 2025 என்று ஓராண்டு தள்ளி வரும், ஏனென்றால் அந்த வாரம் 2025இன் முதல் வாரம். ஆண்டு முழுவதும் சரியாக ஓடி, எல்லோரும் விடுமுறையில் இருக்கும் கடைசி நாட்களில் மட்டும் தலை காட்டும் பக் இது. மொமென்டிலோ பெரிய ஒய்தான் சாதாரண ஆண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் சிக்குவது இங்கேதான். இன்ட்லில் இப்படி எழுத்து வடிவமே இல்லை, ஆகவே இந்தப் பக்கும் இல்லை.

மற்ற மொழிகளில் வேலை செய்பவர்களுக்குச் சுருக்கமாக. பைத்தானில் தேதி எழுதும் ஸ்ட்ரெஃப்டைம் முழு ப்ராசஸுக்கும் (ஓடும் நிரல் முழுவதுக்கும்) ஒரே லோக்கேலைப் பார்க்கிறது. ஒரே நேரத்தில் பல மொழிக்காரர்களுக்குப் பதில் சொல்லும் சர்வரில் அது உதவாது, பேபல் போன்ற லைப்ரரியைத்தான் நாட வேண்டும். கோ மொழியில் 2006 ஜனவரி 2, 15:04:05 என்ற மாதிரித் தேதியைக் கொண்டு வடிவம் எழுதும் முறை அழகானது, ஆனால் மாதப் பெயர் ஆங்கிலத்தில் மட்டுமே வரும். பிஎச்பி 8.1இல் ஸ்ட்ரெஃப்டைமுக்கு ஓய்வு அறிவித்து இன்ட்ல்டேட்ஃபார்மேட்டர் பக்கம் கை காட்டினார்கள். ஜாவாவில் 2014இல் வந்த எட்டாம் பதிப்பின் டேட்டைம்ஃபார்மேட்டரை எடுங்கள். பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டைப் பல த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பகிர்ந்தால் தேதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஐஃபோனில் சர்வருக்கு அனுப்பும் தேதியை டேட்ஃபார்மேட்டரால் எழுதுவதானால் லோக்கேலை, பயனர் அமைப்பால் மாறாத போசிக்ஸ் ஆங்கிலம் என்று பூட்டுங்கள். இல்லையென்றால் பயனர் அமைப்பில் 12 மணி, 24 மணி என்று மாற்றும்போது நீங்கள் எழுதிய வடிவமும் மாறும்.

நோட் வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 2019இல் வந்த பதின்மூன்றாம் பதிப்புக்கு முன் இயல்பாக ஆங்கிலத் தரவு மட்டும்தான் உள்ளே இருந்தது. தமிழ் கேட்டாலும் தாய் கேட்டாலும் ஆங்கிலமே வரும், பிழைச் செய்தியும் வராது.

இன்ட்லிடம் இல்லவே இல்லாத ஒன்று, எழுதிய தேதியைத் திரும்பப் படிக்கும் வசதி. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, நியாயம்தான். எங்களுக்குத் தரவு அனுப்பும் ஒரு வெளிச் சேவை, பெயர் வேண்டாம், தேதியை 3/4 என்ற வடிவில்தான் அனுப்பும். மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். 12ஐத் தாண்டிய நாள் வரும்வரை காத்திருந்துதான் வரிசையை உறுதி செய்துகொண்டோம். எந்த லைப்ரரியாலும் இதைத் தீர்க்க முடியாது. பயனரிடமிருந்து தேதி வாங்குவதென்றால் காலண்டர் கட்டத்தைக் காட்டி வாங்குங்கள்.

கடைசியாக, ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கு வந்திருக்கும் புது வசதியான டெம்போரல். இன்ட்லின் அடியில் இருக்கும் பழைய டேட் பொருள், 1995இல் ஜாவாவிடமிருந்து அவசரமாக எடுத்து வைத்தது. அதில் மாதம் பூஜ்யத்தில் தொடங்கும். நேரம் இல்லாமல் 2024-03-10 என்று மட்டும் கொடுத்தால் அதை உலகப் பொது நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், அதனால் அமெரிக்காவில் இருப்பவருக்கு மார்ச் 9 என்று காட்டும். பிறந்த நாளுக்கும் காலாவதித் தேதிக்கும் நேர மண்டலமே கிடையாது, அதைச் சொல்ல டேட்டில் வழியில்லை. டெம்போரலில் வெறும் தேதிக்கு என்றே பிளெயின்டேட் என்ற வகை இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2025இல் 139ஆம் பதிப்பில் அதைக் கொண்டுவந்தது. நான் பயன்படுத்திப் பார்த்த வரையில், நாள் நழுவும் பக்குகள் மொத்தமாக ஒழிகின்றன. காட்டும் வேலைக்கு மட்டும் அதுவும் இதே இன்ட்லையும் சிஎல்டிஆரையும்தான் கூப்பிடுகிறது. ஆகவே டேட்ஸ்டைலின் பிடிவாதமும் மாறிக்கொண்டே இருக்கும் இடைவெளிகளும் அங்கேயும் நம்மோடு வரும்.